நகராத குன்று

செப்டம்பர் 7, ஞாயிறு

இன்றும் சூட்டு ரன். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஊரெல்லாம் பிரியாணி, எனக்கு மட்டும் சூட்டு ரன்.

இது யாரும் போட்ட சட்டமில்லை, தானாக அமைந்த ஏற்பாடு. எங்கள் ஆய்வகத்தில் வாயுவை நன்றாகக் குளிர வைத்து ஓட்ட இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் லேசர் தடம் மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், இன்னொருவர் கேமராவைப் பார்க்க வேண்டும். என்னோடு ஆய்வு செய்யும் ஜெபசிங் ஞாயிறு காலை சர்ச்சுக்குப் போனால் பாடகர் குழு, மதியச் சாப்பாடு எல்லாம் முடித்துத்தான் வருவான். அதனால் குளிர் ரன் முழுக்க வார நாட்களில். ஒப்பீட்டுக்காகக் கொஞ்சம் சூடான வாயுவை வைத்து எடுப்பது சூட்டு ரன். அதற்கு லேசர் அவ்வளவு அடம் பிடிக்காது, ஒற்றை ஆள் போதும். அந்த ஒற்றை ஆள் நான். விடுதி அறையில் இருந்தால் அம்மா ஜாதகக் கட்டோடு வீடியோ காலில் வந்துவிடுவாள் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

நாங்கள் சூடு என்று சொல்வதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். ஒரு டிகிரியைக் கோடி கூறு போட்டால் அதில் ஒன்றிரண்டு கூறு. அதையும்விட இறக்கினால் அணுக்கள் தனித்தனி ஆளாக இருப்பதை விட்டுவிட்டு எல்லாம் ஒரே ஆளாக நடக்க ஆரம்பிக்கும். உரசலே இல்லாமல் ஓடும். மீப்பாய்மம் என்று பெயர். ஒளியாலேயே ஒரு பெட்டி கட்டி, அதற்குள் இந்த வாயுவை அடைத்து, ஒரு பக்கம் லேசாகத் தட்டினால் இரண்டு ஒலி கிளம்பும். முதல் ஒலி நமக்குத் தெரிந்த ஒலிதான். இரண்டாவதுதான் அதிசயம். சூடே அலையாகப் போகும். மற்ற இடத்திலெல்லாம் சூடு பரவும், மங்கும், எங்கே போனது என்றே தெரியாது. இங்கே கலையாமல் அந்தக் கோடிக்குப் போய், மோதி, திரும்பி வரும்.

எங்கள் வரைபடத்தில் முதல் ஒலி பெரிய குன்றாகத் தெரியும். அதற்கு இடது பக்கத்தில், இருபத்து நான்கு ஹெர்ட்ஸில், ஒரு சின்னக் குன்று. அதுதான் இரண்டாம் ஒலி. வாயுவைச் சூடாக்கினால் அது மறைய வேண்டும். ஞாயிறுதோறும் மறைகிறது. இன்றும் சமர்த்தாக மறைந்தது.

மூன்று வருடம் அந்தச் சின்னக் குன்றுக்காகத்தான் போயிருக்கிறது.

செப்டம்பர் 10, புதன்

இதழுக்கு அனுப்பிய கட்டுரைக்கு நடுவர்களின் கருத்து வந்துவிட்டது. ஒருவர் புகழ்ந்திருக்கிறார். இன்னொருவர் இரண்டு கேட்கிறார். சின்னக் குன்றை இன்னும் தெளிவாகக் காட்டுங்கள் என்பது ஒன்று. பெட்டியின் நீளத்தை மாற்றிப் பாருங்கள் என்பது இன்னொன்று. நியாயம்தான். குழலைக் குட்டையாக்கினால் சுருதி ஏறுகிற மாதிரி, பெட்டியைச் சுருக்கினால் குன்று வலது பக்கம் நகர வேண்டும்.

எங்கள் நெறியாளர் ரோகிணி மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார். "பெட்டிய மாத்தினா மறுபடி எல்லாத்தையும் நேர்ப்படுத்தணும், ரெண்டு மாசம் போயிடும். அது அடுத்த பேப்பருக்குன்னு எழுதிடலாம். இப்போ சுத்தமா ஒரு கிராஃப் குடுங்க. அக்டோபர் பத்துக்குள்ள."

அவசரத்துக்குக் காரணம் ஜெபசிங். இத்தாலியில் ஒரு குழு அவனுக்கு இடம் ஒதுக்கி வைத்திருக்கிறது. கட்டுரை ஏற்கப்பட்டால்தான் ஆர்டர். தெற்கே நாசரேத்தில் அவன் அப்பா பஸ் டிரைவர். அவன் அம்மா இப்போதே ஸ்வெட்டர் பின்னத் தொடங்கிவிட்டாராம்.

"நாசரேத்துல ஸ்வெட்டர் நூலுக்கு எங்க போறதுன்னு அம்மை அலையுதாங்க ஏட்டி," என்றான்.

"ஏட்டின்னு கூப்பிடாதன்னு எத்தன தடவ சொல்றது?"

"சரிங்க மேடம்."

மேடம் என்பதற்கு ஏட்டியே தேவலாம். அவன் போகட்டும், நல்ல இடம். எனக்கும் அதற்கும் ஒன்றுமில்லை. குளிர் ரன்னுக்கு இன்னொரு ஆள் தேட வேண்டும், அந்தத் தொல்லை மட்டும்தான்.

செப்டம்பர் 14, ஞாயிறு

சூட்டு ரன். குன்று இல்லை. இருக்கக் கூடாது, இல்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

அப்பா போன் செய்தார். ஊரில் கணபதி பகுதியில் மோட்டார் காயில் கட்டும் கடை அவருக்கு. மாப்பிள்ளை வீட்டார் பெண் என்ன படிக்கிறாள் என்று கேட்டால் என்ன சொல்வது என்று கேட்டார். பல்லடம் மாப்பிள்ளையாம், பனியன் கம்பெனியாம். மாப்பிள்ளைப் பேச்சை நைசாகத் தாண்டி, இரண்டாம் ஒலியை விளக்கினேன்.

"சூடு அலையாப் போகுமா? என்ற கடைல சூடு ஏறுனா காயில் கருகித்தான் கண்ணு பாத்திருக்கறேன்."

"அந்தக் குன்று நகருதான்னு அடுத்து பாக்கணுங்கப்பா. நகந்தா நிஜம்."

"நகராட்டி?"

"நகருங்கப்பா."

அம்மா பின்னாலிருந்து, "ஆயுத பூஜை நோம்பிக்காச்சும் வருவாளான்னு கேளுங்க" என்றாள். வரமாட்டேன் என்றேன். அன்றைக்கு வேறு வேலை வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

ஆய்வகம் பூராவும் துடைத்தோம். நாளை ஆயுத பூஜை. பக்கத்துப் பட்டறையில் இன்றே கடைசல் இயந்திரத்துக்கெல்லாம் மாலை போட்டாகிவிட்டது. பட்டறைக்காரர் பலராமண்ணன் எங்கள் லேசருக்கும் சந்தனம் குங்குமம் வைக்க வந்தார். கண்ணாடி, லென்ஸ் பக்கம் கை போகக் கூடாது, மேல் மூடியில் மட்டும் வைக்கலாம் என்பது மேடம் போட்ட எல்லை. ஜெபா மூடியைத் துடைத்துக் காட்டினான்.

"நாளைக்கு இத தொடக் கூடாது தம்பி. ஆயுதத்துக்கு லீவு," என்று பலராமண்ணன் சொன்னார்.

ஜெபா தலையாட்டினான், நானும் ஆட்டினேன். இரண்டு பேரும் பொய்.

கட்டடமே அடங்கிக் கிடக்கும் வார நாள் வருடத்தில் நாளை ஒன்றுதான். லிஃப்ட் அசையாது, பட்டறை ஓடாது. நடுவர் கேட்ட சுத்தமான கிராஃபை நாளை எடுத்துவிடலாம் என்று யோசனை சொன்னதே நான்தான். எனக்கு வேண்டுமா இது!

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை

மாலையும் பொட்டுமாக லேசர் ஓடியது. ஒன்பது மணிக்கே வாயு குளிர்ந்துவிட்டது. அவ்வளவு அருமையாக ஒருநாளும் குளிர்ந்ததில்லை. ஜெபா லேசரில், நான் கேமராவில். படம் எடுத்தால் வாயு அழிந்துவிடும், மறுபடி பிடித்துக் குளிர்விக்க வேண்டும். சாயங்காலம் வரை அதையே செய்தோம். நடுவில் தயிர்சாதம்.

கூட்டிச் சேர்த்துப் பார்த்தால் பெரிய குன்று ஊசி மாதிரி நிற்கிறது. சின்னக் குன்றைக் காணோம்.

தேய்ந்து தெரிந்தது, மங்கித் தெரிந்தது என்றால்கூடப் பரவாயில்லை. இருபத்து நான்கில் தரைமட்டம்.

"உங்க சாமிக்கு நம்ம டேட்டா மேல என்னட்டி கோவம்?" என்றான். சிரித்துக்கொண்டுதான் கேட்டான், ஆனால் மூன்று முறை கணக்கைத் திரும்ப ஓட்டினான். வாயு நாம் நினைத்த அளவுக்குக் குளிரவில்லை போல, வெப்பமானி எண் தப்பு போல என்று முடிவுக்கு வந்தான். மேடமும் போனில் அதையேதான் சொன்னார். இன்றைய டேட்டாவை ஒதுக்கிவிட்டுத் திங்கட்கிழமை மறுபடி எடுக்கச் சொல்கிறார்.

வாயு குளிர்ந்துதான் இருந்தது. நான் பார்த்தேனே.

அக்டோபர் 3, வெள்ளி

பட்டறையில் பொரி கொடுக்கிறார்கள் என்று போனேன். பலராமண்ணன் ஒரு காகிதத்தில் பொரியும் கடலையும் அள்ளிக் கொடுத்து, "ஆயுதத்துக்கு லீவு குட்தியாமா?" என்றார். குடுத்தேண்ணா என்று வாய் கூசாமல் சொன்னேன். பக்கத்தில் பெரிய கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. மொத்தக் கட்டடத்துக்கும் காற்று தருவது அதுதான். எங்கள் ஒளியியல் மேசைகூட அந்தக் காற்றில்தான் மிதக்கிறது. நான்கு கால்களிலும் காற்றுப் பை. தரை அதிர்ந்தாலும் மேசை அதிரக் கூடாது என்பதற்காக.

"இது ராத்திரியும் ஓடுமாண்ணா?"

"ராவும் பகலும் ஓடும்மா. சனிக்கெழமை சாயந்தரம் நிறுத்தினா திங்கக்கெழமை காலைல போடுவோம். அப்பறம் பூஜைக்கு நிறுத்துவோம்."

மோட்டாரின் தகட்டில் வரிசையாகச் சந்தனப் பொட்டு. பொட்டுக்கு நடுவே எண்கள். 1440 ஆர்.பி.எம்.

நான் அந்த எண்ணோடு வளர்ந்தவள். அப்பா கடையில் கழற்றிப் போட்ட மோட்டார்களின் தகடுகளை அடுக்கி விளையாடியிருக்கிறேன். பாதித் தகடுகளில் 1440தான் இருக்கும். நிமிடத்துக்கு ஆயிரத்து நானூற்று நாற்பது சுற்று. அறுபதால் வகுத்தால் நொடிக்கு இருபத்து நான்கு.

இருபத்து நான்கு ஹெர்ட்ஸ்.

பொரி கீழே கொட்டிவிட்டது. பலராமண்ணன், "பரவால்லம்மா, வேற தரேன்" என்று மறுபடி அள்ளினார்.

அக்டோபர் 5, ஞாயிறு

சூட்டு ரன் எடுக்கப் போகவில்லை. போய் என்ன செய்ய, கம்ப்ரசர் ஓடாது, குன்று வராது, சூட்டினால் மறைந்தது என்று எழுதிக்கொள்ளலாம். இத்தனை மாதமும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். குளிர் ரன் எல்லாம் கம்ப்ரசர் ஓடும் நாளில். சூட்டு ரன் எல்லாம் அது நிற்கும் நாளில். ஜெபா சர்ச்சுக்குப் போனான், நான் அம்மாவிடமிருந்து தப்பி வந்தேன், இரண்டும் சேர்ந்து ஒரு கண்டுபிடிப்பு. அட கருமமே!

யாரிடமும் இன்னும் சொல்லவில்லை. தீர விசாரிக்காமல் சொல்லக் கூடாது இல்லையா. அதுதான் காரணம்.

அக்டோபர் 6, திங்கள்

குளிர் ரன். சின்னக் குன்று திரும்பி வந்துவிட்டது, முன்னைவிட அழகாக. ஜெபா நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினான். "வந்துட்டுல்லா! நான் சொல்லல?" மேடம் கேசரி வாங்கி வரச் சொன்னார். எனக்கு வேண்டாம், வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

மதியம் அவன் அம்மா வீடியோ காலில் ஸ்வெட்டரைக் காட்டினார். ஒரு கை முடிந்திருக்கிறது. பழுப்பு நிறம். "நீயும் பாரும்மா, நீளம் சரியா இருக்கா?" என்று என்னையும் கூப்பிட்டார். சரியா இருக்குங்கம்மா என்றேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

சொன்னால் அவன் இத்தாலி போக முடியாது. சொல்லாவிட்டால் போய்விடுவான். எந்தப் பக்கம் யோசித்தாலும் நான் கேவலமானவளாகத்தான் தெரிகிறேன்.

அக்டோபர் 8, புதன்

மேடம் திருத்திய கட்டுரையைப் படித்துப் பார்க்கக் கொடுத்தார். இரண்டு காற்புள்ளி சேர்த்துக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை அனுப்புகிறார்.

அக்டோபர் 9, வியாழன்

கேன்டீனில் டீ வாங்கிக்கொண்டு உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். முன்னுரையெல்லாம் யோசித்து வைத்திருந்தேன், எதுவும் வரவில்லை. "ஜெபா, அது ஒலி இல்ல. கம்ப்ரசர் மோட்டார்," என்றேன். 1440ஐச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னேன்.

அவன் டீயைக் கீழே வைத்தான்.

"நீ இத எப்ப பாத்த?"

"வெள்ளிக்கிழமை."

"இன்னைக்கு வியாழன்."

"ஆமா."

"திங்கக்கிழமை குன்று வந்துட்டுன்னு நான் ஆடுனேன். நீ பாத்துக்கிட்டு இருந்த. எங்க அம்மைட்ட ஸ்வெட்டர் நீளம் சரின்னு சொன்ன." குரல் உயரவே இல்லை. கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது.

"ஒனக்குத்தான் ஜெபா யோசிச்சேன்…"

"எனக்கா?" எழுந்தான். "வா. சும்மா பேசி என்ன ஆவப்போவுது. பாத்துருவோம்."

சூடான வாயுவைப் பெட்டியில் போட்டான். அதில் சின்னக் குன்று வரவே கூடாது. வந்தால் எல்லாம் முடிந்தது. நான் பட்டறைக்குப் போய், பலராமண்ணனிடம் கெஞ்சி, கம்ப்ரசர் சுவிட்ச் பக்கத்தில் நின்றேன். போன் காதில். பத்துப் பத்து நிமிடமாகப் பார்ப்பதாக ஏற்பாடு. எனக்கு மோட்டார் சத்தம், அவனுக்கும் போன் வழியாக அதே சத்தம்.

"இருக்கு," என்றான். "சூட்டுலயும் இருக்கு. நிறுத்து."

பலராமண்ணன் நிறுத்தினார். மோட்டார் முனகி அடங்கியது.

"போயிட்டு," என்றான். பிறகு, "போடு."

போட்டோம்.

"வந்துட்டு."

இப்படி மூன்று தடவை. மூன்றாம் தடவை வந்த பிறகு நிறுத்தச் சொல்லவே இல்லை. போனில் கம்ப்ரசர் சத்தம் எனக்கே திரும்பி வந்துகொண்டிருந்தது. "ஜெபா?" என்றேன். "ஏட்டி, வந்துரு. போதும்," என்றான்.

நான் வந்தபோது மேசைக்கடியில் குனிந்திருந்தான். வடகிழக்குக் காலில் காற்றுப் பை கிழிந்து மேசை அப்படியே தரையில் உட்கார்ந்திருக்கிறது. மோட்டார் அதிர, தரை அதிர, கண்ணாடி அதிர, ஒளிப்பெட்டி நொடிக்கு இருபத்து நான்கு முறை குலுங்கியிருக்கிறது. உள்ளே இருந்த வாயு தளும்பியிருக்கிறது. எத்தனை நாளாக என்று தெரியாது. ஆளாளுக்குத் திரையைத்தான் பார்த்தோம், ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை.

அவன் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டான். "ஒண்ணு மட்டும் சொல்லு. ஆறு நாளு சொல்லாம இருந்தியே, நான் போவணும்னா? இப்ப சொல்லிட்டியே, நான் போவக் கூடாதுன்னா?"

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதுவும் எரிச்சலாக இருந்தது. அவன் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அக்டோபர் 10, வெள்ளி

மேடத்திடம் இருவருமாகப் போய்ச் சொன்னோம். கோபப்படுவார் என்று நினைத்தேன். ஆய்வகத்துக்கு வந்து, புடவைக் கொசுவத்தைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு குனிந்து அந்தக் காலைப் பார்த்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"வாபஸ் வாங்கறோம்னு எழுது. காரணத்தையும் எழுது. கம்ப்ரசர்னு வெளிப்படையா எழுது, சுற்றுப்புற அதிர்வுன்னு மழுப்பாத."

"மேடம், ஜெபாவோட இத்தாலி…"

"அவங்களுக்கு நானே எழுதறேன்," என்று மேடம் சொல்லும்போதே ஜெபா, "வேண்டாம் மேடம், நான் எழுதிக்கிடுதேன்" என்றான். என் பக்கம் திரும்பவில்லை.

அக்டோபர் 17, வெள்ளி

இத்தாலியிலிருந்து பதில். நேர்மையைப் பாராட்டி ஒரு பத்தி. இந்த வருடம் இடம் வேறொருவருக்கு என்று ஒரு வரி.

மேடம்தான் சொன்னார். கேட்டதும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். ஆமாம், சந்தோஷம்தான், வேறு பேர் வைக்கத் தெரியவில்லை. அவன் போகமாட்டான். அடுத்த நொடியே ச்சீ என்று ஆகிவிட்டது. கழிப்பறையில் போய் முகம் கழுவினேன். அந்த ஸ்வெட்டர் இப்போது முடிந்திருக்குமா, பாதியில் நிற்குமா?

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

ஊருக்குப் போகவில்லை. அம்மா பேசவில்லை. அப்பா மட்டும், "குன்று என்னாச்சு கண்ணு?" என்றார். பொய்க் குன்றுங்கப்பா என்றேன். எந்த மோட்டார் என்று கேட்டார். சொன்னதும் சிரித்துவிட்டு, "1440ஆ! உனக்கே பிடிபடலியா?" என்றார். வேறு யார் சிரித்திருந்தாலும் சண்டை போட்டிருப்பேன்.

நவம்பர் 4, செவ்வாய்

காற்றுப் பை மாற்றியாகிவிட்டது. இப்போது கம்ப்ரசர் ஓடினாலும் நின்றாலும் வரைபடத்தில் வித்தியாசமில்லை. சின்னக் குன்றும் இல்லை.

ஜெபா பெட்டியை மாற்றும் வேலையை எடுத்துக்கொண்டான். நடுவர் கேட்ட நீளம் மாறும் பெட்டி. லென்ஸ் எல்லாம் கழற்றி மறுபடி நேர்ப்படுத்துகிறான். என்னோடு பேசுவது வெள்ளைப் பலகையில் மட்டும். "லேசர் 2 சரி. பம்ப் எண்ணெய் மாற்றவும்." நான் அடியில் "மாற்றியாச்சு" என்று எழுதுகிறேன். ஏட்டி இல்லை. மேடம் என்றுகூட இல்லை.

நவம்பர் 12, புதன்

பலகையில் இன்று: "இனி ஞாயிறுகளில் காலை முதல் ஆராதனை முடிந்ததும் 8 மணிக்கு வருவேன். தனியாகக் குளிர் ரன் பழகுகிறேன்."

அதாவது, நீ வர வேண்டாம். புரிந்தது. பாடகர் குழுவையும் விட்டுவிட்டான் போல.

நவம்பர் 17, திங்கள்

அம்மா அழுதாள். வருகிற ஞாயிறு பல்லடத்துக்காரர்கள் பார்க்க வருகிறார்களாம். "பாத்துட்டுத்தான் போகட்டுமே கண்ணு, என்ற மானத்த வாங்காத." சரி என்று சொல்லிவிட்டேன். எனக்கு இங்கே ஞாயிற்றுக்கிழமை வேலையும் இல்லை.

நவம்பர் 23, ஞாயிறு

பஸ்ஸில் எழுதுகிறேன், கிறுக்கலாக இருக்கும்.

காலையில் பல்லடத்துக்காரர்கள் வந்தார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை, மரியாதையான மனிதர்கள். அந்தப் பையன் நான் என்ன ஆராய்ச்சி செய்கிறேன் என்று உண்மையாகவே கேட்டான். குளிர்ந்த வாயு என்றேன். ஏசி மாதிரியா என்றான். அவன் மேல் தப்பில்லை, நானும் மேற்கொண்டு சொல்லவில்லை.

காபி எடுக்கச் சமையலறைக்கு வந்தபோது போன் அதிர்ந்தது. ஜெபா. ஆறு வாரத்தில் முதல் கால்.

"ஏட்டி, நகருது."

டபராவைக் கீழே வைத்தேன்.

"எங்க இருக்கு?"

"பதினேழுல. சின்னதா, பாத்தா ஒண்ணுமில்லாத மாதி இருக்கு. அந்தப் பொய்க் குன்றுக்கு எடது பக்கம் கெடந்துருக்கு, நாம இருபத்து நாலையே பாத்துக்கிட்டு இருந்தோம். இப்ப பெட்டியக் காவாசி சுருக்குனேன், இருபத்து மூணுக்கு ஏறிட்டு. திரும்ப நீட்டுனேன், பதினேழுக்கே வந்துட்டு. நாலு தடவ பாத்துட்டேன்."

"கம்ப்ரசர்?"

"ஞாயித்துக்கெழமல்லா. ஓடல. பலராமண்ணனக் கூப்பிட்டுப் போடவும் சொன்னேன். ஓடுனாலும் அதே எடம்தான்."

"லேசர்ல யாரு, கேமரால யாரு?"

"ரெண்டுலயும் நாந்தான். ஓடி ஓடி முட்டி பேந்துட்டு."

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அம்மா எட்டிப் பார்த்து, "காப்பி ஆறுது பாரு" என்றாள். கையால் சைகை காட்டினேன்.

"சூடாக்கிப் பாத்தியா? சூட்டுல போகுதான்னு பாத்தாத்தான…"

"பாக்கல."

"ஏன்?"

"சூட்டு ரன் உன்னுதுல்லா. நீ வந்து எடு."

பக்கத்து வீட்டில் யாரோ மிக்ஸி போட்டார்கள். நான் பின்வாசலுக்குப் போய், ஒரு காதைப் பொத்திக்கொண்டு சொன்னேன். "ஜெபா, நீ அன்னிக்குக் கேட்டியே. நீ போகணும்னு சொல்லாம இருந்தனா, போகக் கூடாதுன்னு சொன்னனான்னு. ரெண்டும்தான். ரெண்டுமே நிஜம்."

கால் கட்டாகிவிட்டது என்று நினைத்தேன்.

"ஜெபா? கேக்குதா?"

"கேக்கு," என்றான். "வந்து சேரு."

கூடத்துக்குப் போய் அந்தப் பையனின் அம்மாவிடம் சொன்னேன். "தப்பா எடுத்துக்காதீங்க. உங்கள வர வெச்சதே என்ற தப்புதான். எனக்கு இதுல இஷ்டமில்லீங்க." அந்த அம்மா முகம் சுருங்கியது. அவர்கள் போன பிறகு என் அம்மா பேசியதை எழுத மாட்டேன். அவளுக்குப் பேச உரிமை உண்டு. "எதுக்குன்னாச்சும் சொல்லித் தொல!" என்று கடைசியில் கேட்டாள். ஆராய்ச்சிம்மா என்றேன். அவள் நம்பவில்லை.

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தார். "ரயிலுக்கு இனி நேரமில்ல. பஸ்ஸுக்குக் கொண்டாந்து உடறேன், ஏறு." காந்திபுரத்தில் பஸ் ஏற்றிவிட்டார். பஸ் கிளம்பும்போது ஜன்னல் பக்கம் வந்து நின்றார்.

"நகந்துருச்சா கண்ணு?"

"நகந்துருச்சுங்கப்பா."

"அந்தப் பையன் சொன்னானா?"

ஜெபாவைப் பற்றி நான் வீட்டில் பேசியதே இல்லை. இல்லை, பேசியிருக்கிறேன் போல. எல்லா வாரமும் பேசியிருக்கிறேன் போல.

"ஆமாங்கப்பா."

சரி என்று தலையாட்டிவிட்டு, வாங்கி வைத்திருந்த தண்ணீர் பாட்டிலை ஜன்னல் வழியாகக் கொடுத்தார்.

சேலத்தைத் தாண்டிவிட்டோம். பட்டுச் சேலையை மாற்றக்கூட இல்லை, பக்கத்து சீட் அக்கா எந்த ஊர்க் கல்யாணம் என்று கேட்டார். நாளை திங்கட்கிழமை. நேராக ஆய்வகத்துக்குத்தான் போகிறேன். கம்ப்ரசர் ஓடட்டும், இனி அதற்குப் பயப்பட வேண்டாம்.

சூட்டு ரன்னுக்கு ஒற்றை ஆள் போதும். நாளைக்கு இரண்டு பேர் இருப்போம்.